பூஞ்சை நிறமா, பாக்டீரியா நிறமா, பக்கத்துத் தோட்டத்துச் செண்டுமல்லியா?

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலாமவர் காவேரிப்பட்டணம் பக்கத்தில் மகளிர் குழு நடத்தி மாம்பழ பார், அதாவது மாங்கூழைத் தட்டில் உலர்த்திச் செய்கிற தின்பண்டம், போடுகிற அக்கா. தெலுங்கு பேசும் வீடுகளில் தாண்ட்ரா என்றால்தான் அது என்னவென்று புரியும். இரண்டாமவர் பாலக்கோட்டுக்கு அருகே பட்டு நூல் முறுக்குகிறவர். சின்ன அளவில் சாயமும் போடுகிறார். “நுண்ணுயிரிலிருந்து எடுத்த இயற்கை நிறம் என்று விற்கிறார்கள். விலை அதிகம். வாங்கலாமா, வேண்டாமா?” என்பதுதான் கேள்வி.

இருவருக்கும் பின்னால் இருப்பது ஒரே பயம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி இருப்பது தெரியவந்து, தமிழக அரசு நிறம் சேர்த்த பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது. ரோடமின்-பி துணிக்குப் போடுகிற சாயம். அன்றிலிருந்து சந்தையில் பாரை எடுத்துப் பார்க்கிற ஒவ்வொருவரும் “இது என்ன கலர் போட்டது?” என்று கேட்கிறார்களாம். பட்டு நூல்காரரிடம் வருகிற பெங்களூரு வியாபாரிகளோ “ரசாயனம் இல்லாத சாயம் இருக்கிறதா?” என்று தொடங்குகிறார்கள்.

நான் மாங்கூழ் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு அறையில் பதினான்கு பருவங்களை, புளிப்பை அளக்கிற பி.ஹெச். மீட்டரோடு கழித்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு நிறம் எங்கே பிறந்தது என்பதைவிட, அது உங்கள் கையில் எந்த அடுப்பை, எந்தப் புளிப்பை, எந்த வெயிலைச் சந்திக்கப் போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அங்கேதான் பாதி நிறங்கள் தோற்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

பாருக்கான கூழை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, தட்டில் பரப்பி, 60 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் உலர்த்துகிறோம். சேர்க்கிற நிறம் அதைத் தாங்க வேண்டும். தோத்தாபுரி மாம்பழக் கூழின் பி.ஹெச். 4-ஐ ஒட்டி இருக்கும்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். சிட்ரிக் அமிலம் சேர்த்தால் இன்னும் இறங்கும். அந்தப் புளிப்பில் நிறம் திரியக் கூடாது. பிறகு வெளிச்சம். நெடுஞ்சாலைக் கடைகளின் முகப்பில் கண்ணாடித்தாள் சுற்றித் தொங்கவிடுகிற பொருள் இது. மேற்கு வெயில் நேராக அடிக்கும்.

நான்காவது அளவுகோலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நுண்ணுயிர் நமக்கு வேண்டிய நிறத்தை மட்டும் தயாரித்துத் தருவதில்லை. அதோடு வேறு என்னென்ன சுரக்கிறது, வளர்க்கும்போது வேறு எது உள்ளே புகுந்தது என்பதற்கு யாராவது பொறுப்பேற்று, கையெழுத்திட்ட ஆய்வறிக்கை தர வேண்டும்.

ஐந்தாவது சட்டம். நம் நாட்டில் 2011-ல் வந்த உணவுச் சேர்க்கைப் பொருள் ஒழுங்குமுறை, இயற்கை நிறங்கள் என்று ஒரு பட்டியலைத் தருகிறது. கரோட்டின் வகைகள், குளோரோபில், ரிபோஃபிளேவின், கேரமல், அன்னாட்டோ (ஒரு செடியின் விதையிலிருந்து எடுக்கிற நிறம்), குங்குமப்பூ, மஞ்சளின் குர்குமின் முதலியவை அதில் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் உணவு வகைக்கு அது அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். சில உணவுகளில் எந்த நிறமும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பொட்டலத்தின் மேல் சொல்லியாக வேண்டும்.

கடைசியில் பணம். கிலோ விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், மயங்கவும் வேண்டாம். ஒரே பீட்டா கரோட்டின் 1 சதவீதப் பொடியாகவும் கிடைக்கிறது, 10 சதவீதப் பொடியாகவும் கிடைக்கிறது. நூறு கிலோ பாருக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்று கணக்குப் போடுங்கள். அதோடு குறைந்தபட்சக் கொள்முதல் அளவு, குளிரில் வைக்க வேண்டிய கட்டாயம், பிரித்த டப்பாவின் ஆயுள், ஆய்வகச் சோதனைக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டுங்கள். சின்ன உற்பத்தியாளரைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த நான்கும்தான்.

பட்டுக்கு அளவுகோல் கொஞ்சம் வேறு: வெயில், சோப்பு, தண்ணீர். தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.  அந்த நீரில் சாயம் போட்டால் சாயல் மாறும். புட்டி நீரில் செய்த மாதிரியை நம்பி விலை பேசிவிடாதீர்கள்.

## ரிபோஃபிளேவின்: நமக்குத் தெரியாமலே பழகிய மஞ்சள்

பால் திரிந்த பிறகு மேலே தெளிந்து நிற்கிற நீரைக் கவனித்திருப்பீர்கள். லேசான பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். அதுதான் ரிபோஃபிளேவின், வைட்டமின் பி-2. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்ட நாளில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவதும் இதனால்தான்.

இன்று உலகச் சந்தையில் விற்கிற ரிபோஃபிளேவினில் பெரும்பகுதி நொதித்தல் வழியாகத்தான் வருகிறது. பருத்திக் காயைக் கெடுக்கிற நோயாக முதலில் அறியப்பட்ட ஆஷ்பியா கோசிப்பி என்ற பூஞ்சையும், பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவும் அதைச் சுரக்கின்றன. ஆகவே ‘நுண்ணுயிர் நிறம்’ என்பது ஏதோ நாளைய சமாச்சாரம் அல்ல. மருந்துக்கடை அலமாரியில் பல காலமாக இருக்கிறது.

சூட்டையும் புளிப்பையும் நன்றாகத் தாங்கும். சட்டப் பட்டியலில் பெயர் இருக்கிறது. எளிதில் கிடைக்கும். பெரிய குறை ஒன்று உண்டு: வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். கண்ணாடித்தாள் பொட்டலத்தில் வெயில் முகப்பில் தொங்கினால் சில நாள்களிலேயே மங்கத் தொடங்கும். தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால், அதன் பாஸ்பேட் வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அளவு மிஞ்சினால் லேசான கசப்பும் தெரியும்.

மாம்பழத்துக்கு இது பொருந்துமா? சாயலே ஒத்துவராது. மாம்பழத்தின் மஞ்சள் செம்மை பக்கம் சாய்ந்தது. இது பச்சை பக்கம் சாய்ந்தது. ஒளி புகாத உறையில் போகிற எலுமிச்சைப் பானப் பொடி, கஸ்டர்டு பொடி போன்றவற்றுக்கு நல்ல தேர்வு.

## பிளேக்ஸ்லியா பீட்டா கரோட்டின்: மாம்பழத்தின் சொந்தக்காரன்

பிளேக்ஸ்லியா ட்ரைஸ்போரா என்பது ஒரு பூஞ்சை. அதில் ‘கூட்டல்’, ‘கழித்தல்’ என்று இரண்டு இனச்சேர்க்கை வகைகள் உண்டு. தனித்தனியே வளர்த்தால் கொஞ்சம் கரோட்டின்தான் கிடைக்கும். ஒரே தொட்டியில் சேர்த்து வளர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று உணர்ந்து ட்ரைஸ்போரிக் அமிலம் சுரக்க, கரோட்டின் பொங்கிவிடும். கல்யாண வீட்டுக்கு வந்த இரண்டு தரப்பும் போட்டி போட்டுப் பந்தல் கட்டுவதுபோல என்று எங்கள் ஆலையில் ஒரு மேற்பார்வையாளர் சொல்வார். பிறகு பூஞ்சையைப் பிரித்து, கரைப்பான் கொண்டு நிறத்தை எடுத்து, படிகமாக்குகிறார்கள். கடையில் வருகிற பொருளில் பூஞ்சை இருக்காது.

ஐரோப்பாவில் இது ஈ-160ஏ வரிசையில் அனுமதிக்கப்பட்ட உணவு நிறம். நம் பட்டியலில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாம்பழத்தின் மஞ்சளிலேயே பெரும் பங்கு பீட்டா கரோட்டினுடையது. சாயல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். புளிப்பு ஒன்றும் செய்யாது. பார் போடுகிற சூட்டையும் தாங்கும்.

அதன் எதிரி காற்றும் வெளிச்சமும். ஆக்சிஜன் பட்டு மெல்ல வெளுக்கும். கூடவே வைட்டமின் சி சேர்த்தால் அந்த வேகம் குறையும். இன்னொன்று: இது எண்ணெயில் கரைகிற பொருள். எண்ணெயில் மிதக்கிற கரோட்டினை வாங்கிக் கூழில் கொட்டினால் மேலே ஆரஞ்சு வளையம் கட்டி நிற்கும். தண்ணீரில் கலக்கும்படி பதப்படுத்திய பொடி அல்லது குழம்பு வடிவம் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். அந்த வடிவத்தில் ஸ்டார்ச், பசை, சில நேரம் ஜெலட்டின் சேர்ந்திருக்கும். சைவ முத்திரை போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் எழுத்தில் கேட்க வேண்டும். மறைந்த செலவு என்று நான் முதலில் எழுதுவது இதைத்தான். நிறத்துக்குப் பணம் கொடுத்தபின், பச்சைப் புள்ளி போட முடியாமல் அச்சடித்த உறைகளை மூட்டையாகக் கட்டி வைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

‘பீட்டா கரோட்டின்’ என்று மட்டும் எழுதிய டப்பாவில் இருப்பது பூஞ்சையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், பாசியிலிருந்தோ வேதித் தொகுப்பிலிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம். மூலக்கூறு ஒன்றுதான். ‘இயற்கை’ என்று நீங்கள் விளம்பரம் செய்யப்போகிறீர்கள் என்றால், மூலம் எது என்ற சான்று உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

## மோனாஸ்கஸ் சிவப்பு: அழகும் ஆபத்தும் ஒரே தட்டில்

அவித்த அரிசியின் மேல் மோனாஸ்கஸ் பூஞ்சையை வளர்த்தால் அரிசி முழுக்க ரத்தச் சிவப்பாகிவிடும். சீனாவில் பல நூற்றாண்டுகளாகச் சமையலில் இருக்கிறது. ஜப்பானில் உணவு நிறமாக அனுமதி உண்டு. பீட்ரூட் சிவப்பு அடுப்பில் பழுப்பாகிவிடும். இது அதைவிட நன்றாகச் சூட்டைத் தாங்கும். இணையத்தில் ‘சிவப்பு ஈஸ்ட் அரிசி’ என்று தேடினால் பளபளவென்று படங்கள் வரும். ஜெல்லி போடுகிறவர்கள் மயங்குவது இங்கேதான்.

இதே பூஞ்சை இனத்தின் சில வகைகள் சிட்ரினின் என்ற பொருளையும் சுரக்கின்றன. அது சிறுநீரகத்தைத் தாக்குகிற நஞ்சு. சிவப்பு ஈஸ்ட் அரிசி சேர்ந்த துணை உணவுகளுக்கு ஐரோப்பா வைத்திருந்த சிட்ரினின் வரம்பு கிலோவுக்கு 2000 மைக்ரோகிராம். 2020-லிருந்து அதை 100-ஆகக் குறைத்துவிட்டார்கள். அதோடு மோனகோலின்-கே என்று ஒன்றையும் இது சுரக்கும். 1979-ல் ஜப்பானியர் அகிரா எண்டோ மோனாஸ்கஸிலிருந்து பிரித்தெடுத்தது. கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மருந்தும் இதுவும் ஒன்றே. குழந்தைகள் தின்கிற ஜெல்லியில் கொழுப்பு மாத்திரைக்கு என்ன வேலை?

2024 மார்ச்சில் ஜப்பானிலேயே சிவப்பு ஈஸ்ட் அரிசி சேர்ந்த உடல்நல மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்து, பொருள் திரும்பப் பெறப்பட்டது. அதில் கண்டது பியூபெருலிக் அமிலம். வளர்ப்பிடத்தில் புகுந்த ஒரு நீலப் பூஞ்சையின் வேலை. தலைமுறை தலைமுறையாக இதைக் கையாள்கிற நாட்டிலேயே இந்த நிலை.

நம் 2011 பட்டியலில் மோனாஸ்கஸ் இல்லை. ஆகவே இங்கே உணவுத் தொழில் செய்கிறவருக்கு என் பதில் நேரடியானது: வேண்டாம். இணையத்தில் வாங்கிக் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்கிறேன் என்பதும் வேண்டாம்.

## சுருள்பாசி நீலம்: ஐஸ்கிரீமில் ராஜா, மாங்கூழில் சேறு

ஸ்பைருலினாவைச் சுருள்பாசி என்கிறோம். உண்மையில் அது பாக்டீரியா. அதிலுள்ள ஃபைகோசயனின் என்ற புரதம்தான் நீலம். 2013-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் இதை அனுமதித்தது. உணவில் நல்ல இயற்கை நீலம் கிடைப்பது அரிது. அதனால்தான் இவ்வளவு பேச்சு.

ஒரு முறை எனக்கும் ஆசை வந்தது. நீலம் சேர்த்தால் மாம்பழ மஞ்சளோடு கலந்து இளம்பச்சை வரும், குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று ஒரு லிட்டர் கூழில் போட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருக்கும்போது தளிர்ப் பச்சை, நானே ரசித்தேன். சிட்ரிக் அமிலம் விழுந்ததும் ஓரத்தில் நூல் நூலாகத் திரிந்தது. அடுப்பில் வைத்துப் பத்து நிமிடத்தில் குளத்துச் சேற்றின் நிறம். பாத்திரத்தின் அடியில் சாம்பல் நிறத் துகள் படிந்து கிடந்தது. புரதம்தானே, பாலில் புளிப்பு விட்டால் என்ன ஆகுமோ அதுவே ஆனது. பி.ஹெச். 4-க்குப் பக்கத்தில் அது கரைய மறுக்கும். 50 டிகிரிக்கு மேல் நிறம் குலையும்.

புளிப்பில்லாத, சூடில்லாத இடத்தில் இது நன்றாக நிற்கும்: ஐஸ்கிரீம், குளிர்ந்த பால், கேக் மேல் பூசும் சர்க்கரைக் கலவை. சர்க்கரை நிறைய இருந்தால் புரதம் கொஞ்சம் நிலைக்கவும் செய்யும். ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீர்த் தொட்டியில் வளர்த்து உலர்த்திய சுருள்பாசிப் பொடி வேறு, அதிலிருந்து பிரித்த நீலச் சாறு வேறு. பொடியைப் போட்டால் கரும்பச்சையும் பாசி வாடையும்தான் கிடைக்கும். நீலச் சாறு விலை கூடியது, வெளிச்சம் படாமல் குளிரில் வைக்க வேண்டியது. உங்கள் உணவு வகைக்கு அனுமதி இருக்கிறதா என்று உரிம அலுவலரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

## பட்டுக்கு: சிவப்பு, ஊதா, நீலம்

1819-ல் இத்தாலியின் பாதுவா அருகே வீடுகளில் மக்காச்சோளக் களியின் மேல் ரத்தத் துளிகள் தோன்றி ஊரே நடுங்கியது. நம் கேழ்வரகுக் களியின் மேல் அப்படித் தோன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், பூசாரியைக் கூப்பிட்டிருப்போம். பார்த்தொலொமேயோ பீசியோ என்ற மருந்தியலாளர் அது ஓர் உயிரியின் வேலை என்று காட்டி, செராஷியா என்று பெயர் வைத்தார். அந்தச் சிவப்புதான் ப்ரோடிஜியோசின். குரோமோபாக்டீரியம் வயலேசியம், ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் ஆகியவை தருவது வயலசின் என்ற ஊதா. ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலர் தருவது ஆக்டினோரோடின் என்ற நீலம். முதல் மழை விழுந்ததும் நம் மேட்டுநிலத்தில் எழுகிற மண்வாசனை, ஜியோஸ்மின், இந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் குடும்பத்தின் கைவரிசைதான். சாயம் போட்ட அறையிலும் அதே வாசனை வரும், எனக்குப் பிடித்தது.

மூன்றும் பட்டில் நன்றாக ஏறும். முதல் இரண்டும் தண்ணீரில் கரையாது; ஆல்கஹாலில் கரைத்துத்தான் சாயக் குளியல் தயாரிக்க வேண்டும். இங்கேயே முதல் மறைந்த செலவு: ஆல்கஹாலும், அதை நெருப்புக்கு அஞ்சி வைக்கிற இடமும்.

இரண்டாவது வெயில். கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்யும் உறவுக்காரப் பெண் ஒருத்தி, உயிரணுக்களைக் கொன்று வடிகட்டிய ப்ரோடிஜியோசின், வயலசின் சாறுகளைச் சின்னப் புட்டிகளில் தந்தாள். பாலக்கோட்டுக்காரர் கொண்டுவந்த பட்டுச் சிட்டங்களில், அதாவது நூல் கற்றைகளில், இரண்டையும் ஏற்றினோம். முதல் நாளே ஓர் அதிர்ச்சி. ப்ரோடிஜியோசின் போட்ட சிட்டம் செம்பருத்திச் சிவப்பாக வர வேண்டியது, பூசணிக்காய் ஆரஞ்சாக வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. சாற்றின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் உறைத்தது: பட்டின் மேலுள்ள பசையை எடுக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்த நூலைச் சரியாக அலசவில்லை. ப்ரோடிஜியோசின் அமிலத்தில் சிவப்பு, காரத்தில் ஆரஞ்சு மஞ்சள். வினிகர் கலந்த நீரில் முக்கியதும் கண்ணெதிரே சிவப்பு திரும்பியது. வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சேலை வாங்கியவர் வீட்டில் சலவை சோப்புப் போட்டால் இதே வேடிக்கை அங்கேயும் நடக்கும். ஆக்டினோரோடினும் அப்படியே: காரத்தில் நீலம், அமிலத்தில் சிவப்பு.

வயலசின் சிட்டத்தைப் பாதி அட்டையால் மூடி என் மேற்கு ஜன்னலில் பத்து நாள் தொங்கவிட்டேன். மூடிய பாதி கத்தரிக்காய் ஊதா. திறந்த பாதி அதே கத்தரிக்காயை வேகவைத்துத் தோலுரித்த மாதிரி.

மூன்றாவது, உயிர். செராஷியா மருத்துவமனைகளில் நோய்த்தொற்று உண்டாக்குகிற கிருமி. குரோமோபாக்டீரியம் வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் சாதாரணமாக இருப்பது; மனிதரைத் தாக்குவது அரிது, தாக்கினால் உயிரையே எடுக்கக்கூடியது. ஜாந்தினோபாக்டீரியம் அவ்வளவு பொல்லாதது அல்ல, ஆனால் குளிர்ச்சியில் வளர்கிற ஜீவன். சித்திரை வெயிலில் பாலக்கோட்டில் அதற்கு ஏசி போட வேண்டும். “நானே ஒரு டிரம்மில் வளர்க்கிறேன் அண்ணா” என்று அவர் சொன்னபோது நான் சத்தம் போட்டுத்தான் மறுத்தேன்.

வெளிநாட்டில் நுண்ணுயிரைக் கொண்டு துணிச்சாயம் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. பிரிட்டனின் கலரிஃபிக்ஸ் ஒன்று. அவை மரபணு மாற்றிய நுண்ணுயிரை மூடிய கலனில் வளர்த்துச் செய்வது. நம் தறிக்கூடத்துக்கு இறங்கி வருகிற கதை இன்னும் இல்லை.

## நுண்ணுயிர் அல்லாத போட்டியாளர்கள், மறைந்திருக்கும் ஒரு நுண்ணுயிரும்

நியாயமான ஒப்பீடு என்றால் இவர்களையும் தராசில் ஏற்ற வேண்டும். உணவுக்கு மஞ்சள்: மலிவு, சட்டச் சிக்கல் இல்லை, வாசனை தெரியும், வெளிச்சத்தில் வெளுக்கும். அன்னாட்டோ: நல்ல ஆரஞ்சு, அதன் நீரில் கரையும் வடிவம் புளிப்பில் திரியும் என்பதால் அமிலம் தாங்கும் தயாரிப்பைக் கேட்க வேண்டும். செயற்கையான டார்ட்ரசைன், சன்செட் எல்லோ: அனுமதி உண்டு, வரம்பும் உண்டு, மலிவும் நிலைத்தன்மையும் இவற்றுக்குத்தான். ஆனால் பஞ்சுமிட்டாய்க்குப் பிறகு உறையில் அந்தப் பெயர்களைப் பார்க்கும் அம்மாக்கள் பாரைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள் என்று அக்கா சொல்கிறார்.

பட்டுக்குச் செண்டுமல்லி. ராயக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விலை சரிந்த நாளில் பறிகூலி கட்டாமல் செடியிலேயே விடுகிற பூ. படிகாரம் போட்ட பட்டில் மஞ்சளைவிட நன்றாக வெயில் தாங்கும். சிவப்புக்கு அரக்கு, பட்டுக்கும் அரக்குக்கும் பழைய உறவு.

நீலத்துக்கு அவுரி. இங்கேதான் ஒரு விஷயம். அவுரிக்கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு, வெல்லம், வேகவைத்த தகரை விதை போட்டு ஊறவைக்கும் பழைய தொட்டியில், காரத்தில் வாழ்கிற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்று அவுரியைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. தொட்டி மஞ்சள் பச்சையாக இருக்கும். முக்கி எடுத்த நூல் காற்றுப் பட்டதும் நீலமாகும். நுண்ணுயிர் சாயம் வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு, நிறத்தைத் தயாரிக்காமல் அதை ஏற்றிவிட மட்டும் செய்கிற இந்த நுண்ணுயிர்கள் நம் ஊரிலேயே உண்டு. வெயிலுக்கு அவுரி அசையாது. எச்சரிக்கை ஒன்று: சுண்ணாம்பு மிஞ்சினால் பட்டு நைந்துவிடும். பருத்திக்கு வைக்கிற தொட்டியில் பட்டை இறக்காதீர்கள். காரம் குறைந்த தனித் தொட்டி வேண்டும்.

## ஒரே பார்வையில்

| நிறம் | சூடு | புளிப்பு / காரம் | வெளிச்சம் | மறைந்த செலவு | எங்கே எடுபடும் |
|---|---|---|---|---|---|
| ரிபோஃபிளேவின் | தாங்கும் | புளிப்பைத் தாங்கும் | தாங்காது | ஒளி புகா உறை | பானப் பொடி, கஸ்டர்டு பொடி |
| பிளேக்ஸ்லியா கரோட்டின் | தாங்கும் | தாங்கும் | மெல்ல வெளுக்கும் | நீரில் கலக்கும் வடிவம், சைவச் சான்று | மாம்பழ பார், ஸ்குவாஷ் |
| மோனாஸ்கஸ் | ஓரளவு நன்று | சுமார் | சுமார் | சிட்ரினின் சோதனை, சட்டத் தடை | இங்கே எங்கும் இல்லை |
| சுருள்பாசி நீலம் | தாங்காது | புளிப்பில் திரியும் | சுமார் | குளிர்பதனம் | ஐஸ்கிரீம், சர்க்கரைப் பூச்சு |
| ப்ரோடிஜியோசின், வயலசின் | - | ப்ரோடிஜியோசின் காரத்தில் மாறும் | தாங்காது | ஆல்கஹால், ஆய்வகத் துணை | வெயில் படாத பட்டு |
| செண்டுமல்லி | - | படிகாரத்தோடு நிற்கும் | ஓரளவு நன்று | மென்னீர் | பட்டு மஞ்சள் |
| அவுரி | - | காரத் தொட்டியில் ஏறும் | மிக நன்று | தொட்டியைப் பராமரிக்கும் ஆள் | பருத்தி, கவனத்தோடு பட்டு |

## இருவருக்கும் சொன்னது

காவேரிப்பட்டணத்து அக்காவிடம் முதலில் ஒரு பாரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஓரம் கருத்திருந்தது. “மூன்று மாதத்தில் இப்படி ஆகிவிடுகிறது தம்பி, அதனால்தான் கலர் கேட்கிறேன்” என்றார். நிறம் சேர்த்தால் கருப்பின் மேல் மஞ்சள் பூசியதாகத்தான் ஆகும். கருப்பதற்குக் காரணம் உலர்த்தியின் சூடு கூடியதும், காற்றுப் புகுகிற உறையும். உலர்த்தியில் வெப்பமானி இல்லை. கையை வைத்துப் பார்த்து வேலை செய்கிறார்கள். முதலில் அதை வாங்கச் சொன்னேன். கருப்பதைத் தடுக்க அளவோடு பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்ப்பதும், அதை உறையில் குறிப்பிடுவதும் அடுத்தது. வெளிறிய தோத்தாபுரிக் கூழில் கொஞ்சம் அல்போன்சா கலப்பது மூன்றாவது. பெரிய ஆலைகளே அப்படித்தான் செய்கின்றன. இதற்குப் பிறகும் சாயல் போதவில்லை என்றால் மட்டும் நீரில் கலக்கும் பீட்டா கரோட்டின், சைவச் சான்றோடு, இருப்பதிலேயே சின்ன டப்பா. குழுவில் எட்டுப் பேர் என்பதால் டப்பாவைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவைக்கச் சொன்னேன்.

பாலக்கோட்டுக்காரருக்கு ஜன்னலில் தொங்கிய சிட்டத்தையே காட்டினேன். திறந்த பாதியைத் தடவிப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. வெயில் படாமல் பெட்டிக்குள் இருக்கிற பொருளுக்கு, உதாரணமாக நகைப் பெட்டியின் உள்துணிக்கு, கல்லூரி ஆய்வகத்தோடு சேர்ந்து கொஞ்சம் ஊதா போட்டுப் பார்க்கலாம் என்றேன். சேலைக்கு வேண்டாம். அதற்கு அவர் தலையாட்டவில்லை. சிட்டத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, “அவுரித் தொட்டிக்குத் தகரை விதை எவ்வளவு போட வேண்டும்?” என்று கேட்டார்.